செவ்வாய்க்கிழமைகள்

ஒரே இரவில் என்றுதான் கேட்டிருந்தேன், ஆண்டவரே.
உபவாசக் கூடுகையில் எண்ணெய் பூசினார்கள்,
விடியும்வரை துதித்தோம்,
விடிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தேன்:
லுசுங்குவின் பாதங்கள் இரண்டும்
அப்படியே உள்நோக்கித் திரும்பி
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன,
ஊரைப் பற்றி ரகசியம் பேசும் இரண்டு பேரைப் போல.

நீர் கொடுத்ததோ செவ்வாய்க்கிழமைகள்.

ந்காட்டா பேயிலிருந்து முசூசுவுக்கு
ரப்பர் தோட்டங்களின் ஊடே மினிபஸ்.
என் துணியில் உசிபாக் கருவாட்டு வாசம்;
பக்கத்து இருக்கைக்காரி ஜன்னலைத் திறந்துகொண்டாள்.
மருத்துவமனையின் பின்வராந்தாவில்
என்னைப் போல் பதினொரு தாய்மார்,
பதினொரு வாளி வெதுவெதுப்பான நீர்,
போன வாரத்து மாவுக்கட்டை ஊறவைத்துப் பிரிக்க.

சாவிங்கா முறுக்குவதில்லை.
முறுக்கித் திருப்பிவிடுவார் என்று பயந்திருந்தேன்.
கட்டைவிரலை ஓரிடத்தில் வைக்கிறார்,
காத்திருக்கிறார்.
பிள்ளை அழுதால் நிறுத்துகிறார்.
அடங்கினால் மறுபடி, ஒரு சோளமணி அளவு.
"இந்த வாரத்துக்கு இவ்வளவுதான்."
பஞ்சு சுற்றி, மாவு பூசி,
அது இறுகும்வரை கையை எடுப்பதில்லை.

"எலும்பு இன்னும் முழு எலும்பாகவில்லை,
அதனால் சொன்னபடி கேட்கிறது, அம்மா."
திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தேன்.
எனக்கு இருபத்தாறு வயது.
என்னில் எது இன்னும் எலும்பாகாமல் இருக்கிறது?

தகரப்பெட்டியில் நர்சிங் கல்லூரி விண்ணப்பம் இருக்கிறது,
பூர்த்தி செய்தது, அனுப்பாதது.
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வெஸி
பாதங்களின் புகைப்படத்தைப் பார்த்தபின் அழைக்கவில்லை.
இரண்டையும் உம்மிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று
சபையில் சாட்சி சொன்னேன். கைதட்டினார்கள்.
வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
போனையும்.
உமக்குத் தெரியும்.

ஆறாவது செவ்வாய்.
"குதிகால் இறங்க மறுக்கிறது.
பின்னால் ஒரு தசைநாண். வெட்டவேண்டும்.
தானாகச் சேர்ந்துகொள்ளும், முன்னைவிட நீளமாக."
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே நின்றேன்.
கையொப்பமிட்டேன், என் பெயரிலேயே எழுத்துப்பிழை.
"முழங்காலை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்."
பிடித்தேன்.
ஒரு கொசுக்கடி அளவு இரத்தம்.
லுசுங்கு கத்தி வைத்தவரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துத்தான் அழுதான்.
பிடித்துக்கொண்டிருந்தவள் நானல்லவா.

இத்தனை மாதம் உம்மைப் பார்த்து நான் அழுததும்
உம் கைகள் என்னைப் பிடித்திருந்ததால்தானா?
விளங்கியது என்று சொல்லமாட்டேன்.
கொஞ்சம். ஒரு சோளமணி அளவு.

பாதங்கள் இப்போது நேராகிவிட்டன.
எல்லாம் முடிந்தது என்று
உசிபா வறுத்துச் சாவிங்காவுக்குக் கொண்டுபோனேன்.
வாங்கிக்கொண்டார். பதிலுக்கு
இரண்டு சின்னச் சப்பாத்துகளை இணைத்த கம்பி ஒன்றை நீட்டினார்.
இரவுதோறும், நான்கு வருடம்.
"பாதத்துக்குப் பழைய ஞாபகம் அதிகம்.
விட்டால் திரும்பிவிடும்."

ஆகவே இருட்டில் என் மகன்
கம்பியால் சுவரை உதைக்கிறான். டொக். டொக்.
தூரத்தில் ஏரியின்மேல் மீன்பிடி விளக்குகள்.
இன்றும் பெட்டியைத் திறந்தேன், ஆண்டவரே.
நேற்று உம்மிடம் கொடுத்ததை
இன்று எடுத்து மடியில் வைத்திருக்கிறேன்.
எனக்கும் இரவில் மாட்ட ஒரு கம்பி தாரும்.
உதைப்பேன்.
கழற்றிவிடாதேயும்.