நிலைமொழியும் லாரியும்

கிருஷ்ணகிரி டோல்கேட், ஆறாவது லேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
என் படிப்பறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி.
ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
அந்த ஒரு விதிக்காகவே
கம்பெனிக்குப் பாதிச் சம்பளத்தைத் திருப்பித் தரலாம்.

புத்தகம் கொண்டுவரக் கூடாது என்பதும் விதிதான்.
அதனால் புத்தகத்தைக் கிழித்தேன்.
ஒரு ராத்திரிக்கு ஒரு தாள்,
சில்லறைப் பெட்டிக்குள்
ஐம்பது ரூபாய்க் கட்டுக்கு அடியில்.
கணக்குப் பார்க்க வருகிற இலியாஸ் சார்
அந்தத் தாளை மட்டும் எண்ணாமல் விடுவார்.

முதல் மாதம் எதுவும் ஏறவில்லை.
நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும்
என்று ஆரம்பிப்பேன்,
நாமக்கல் லாரி ஒன்று வந்து நிற்கும்,
ஃபாஸ்டேகில் பணம் இருக்காது.
அனுப்பிவிட்டுத் திரும்பினால் வாக்கியம் ஆறிப்போயிருக்கும்.
முதலிலிருந்து. மறுபடி லாரி.
ஒரே வரியை நாற்பது முறை படித்த ராத்திரி
அழுதேன்.
ஓசூர்ப் பக்கம் போகிற கார்க்காரர் ரசீதை வாங்கிக்கொண்டு
"ஒரே தூசிங்க, கண்ணாடி போட்டுக்கங்க" என்றார்.

இன்னொரு ராத்திரி, எந்த வண்டிக்குப் பிறகென்று நினைவில்லை,
திடீரென்று சிரிப்பு வந்தது:
நான்தானே நிலைமொழி. லாரி வருமொழி.
வந்து சேர்ந்தால் ஏதாவது நடக்கத்தான் செய்யும்.
தோன்றும், திரியும், கெடும்.
அதற்குத்தானே விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாக்கியத்தை முடித்தே தீருவேன் என்கிற பிடிவாதத்தை விட்டேன்.
இரண்டு வண்டிக்கு நடுவே எவ்வளவோ அவ்வளவு.
காருக்கும் காருக்கும் நடுவே ஒரு வருஷம்.
பஸ் வருவதற்குள் ஒரு நதியும் அது பிறந்த இடமும்.
மூன்று மணிக்கு மேல், சையத் பாஷா மலை
இருட்டோடு இருட்டாகக் கிடக்கையில்
ஒரு பத்தி முழுசாகக் கிடைக்கும்.
வண்டி வந்தால் விட்ட சொல்லில் இடது விரலை வைப்பேன்,
கம்பு இறங்கியதும் விரலடியிலிருந்து எடுத்துக்கொள்வேன்.
எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று
நோட்டு அழுக்கு படிந்த அந்தத் தாள்களைக் கேட்டால் சொல்லும்.

பரீட்சை காவேரிப்பட்டணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில்.
ஜூலை. ஜன்னல் வழியே மாங்கூழ் ஆலையின் புளித்த வாசனை.
பெஞ்சில் காம்பஸால் கீறியிருந்தது: ஹரீஷ் 8 பி.
ஹால் டிக்கெட்டில் தி. மாதேஸ்வரி, எனக்கே யாரோ மாதிரி.
மணி அடித்தது. பிறகு அமைதி.
இத்தனை அமைதியில் எனக்குப் படித்துப் பழக்கமில்லை.
முதல் கேள்வியைப் படித்தேன். திரும்பப் படித்தேன்.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
மனசே வண்டி வண்டியாக வந்து நின்றது.
பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்குமா,
கேஸ் புக் பண்ணினேனா,
முப்பத்தி நாலு வயசில் இதெல்லாம் எதற்கு.
பதினோரு நிமிஷம் போயிருந்தது.

சரி, இதுவும் ஒரு லேன்தான்.
ஒவ்வொன்றையும் நிறுத்தி, முகம் பார்க்காமல்
ரசீது கிழித்து அனுப்பினேன்.
காய்ச்சல், போ. கேஸ், போ.
வயசு மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணியது,
பின்னால் வரிசை நிற்கிறது என்றேன், நகர்ந்தது.
தெரியாத கேள்விகளை ஓரம் கட்டச் சொன்னேன்.
இடது விரலைச் சொல்லில் வைத்தேன்.

கடைசிக் கால் மணி நேரம்
எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணி எழுத வேண்டும்.
பக்கத்து வரிசைப் பெண்ணுக்குக் கை நடுங்கியது.
எனக்கு இது தினமும் விடியற்காலை வேலை:
கார் இத்தனை, வேன் இத்தனை, பஸ், லாரி, பன்னிரண்டு சக்கரம்.
ஈ, விடை தெரியவில்லை, இருபத்தி மூன்று.
கூட்டினேன். இருநூறு.
ஒரே தடவையில் வந்தது.

பாஸா ஃபெயிலா தெரியாது.
கேட்டுக்கு வெளியே
மாங்காய் லோடு ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்தது.
விரல் தானாகத் தேடியது,
எந்தச் சொல்லில் விட்டேன் என்று.