மூன்று நானோமீட்டர்

உத்திராடத்துக்கு முந்தின இரவு.
மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
பால் டேங்கர்கள் உறுமி உறுமி அடங்குகின்றன.
செருப்புக்கடை அட்டைப்பெட்டிக்குள்
கறுப்புத் துணி சுற்றி நான் கொண்டுவந்தது
ஒரு விளக்கு, ஒரு கண்,
இரண்டுக்கும் நடுவே நகமளவு கண்ணாடி.

கண்ணாடியில் தங்கம் இருக்கிறது.
மஞ்சளாக இல்லை.
அவ்வளவு சின்னத் துணுக்குகளாக ஒட்டினால்
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம் அதற்கு.

"இதுல எத்தனை தங்கமுங்க?"
உடுமலைப் பக்கத்துப் பாலோடு நிற்கிறார் திருமலைச்சாமி.
ஒரு மூக்குத்தியைக் கரைத்தால்
இந்தச் சாவடிக்கு ஆயுசுக்கும் போதும் என்றேன்.
"எங்கூட்டுது பேங்குல கெடக்குது.
அதுக்கு வட்டி போடத்தான் தெரியும்."

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்.
சந்தை நாளில் பொள்ளாச்சி பஸ்
பிரேக் போட்டால்
நிற்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சாய்வார்களே,
வெளிச்சம் பட்டால்
தங்கத்துக்குள் எலெக்ட்ரான்கள் அப்படிச் சாய்ந்தாடும்.
படியில் ஒரு ஆள் கூடுதலாகத் தொற்றினால்
ஆட்டம் கொஞ்சம் மந்தமாகும்.
அந்த மந்தத்தைத்தான் அளக்கிறேன்.

தொற்றும் ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை.
ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பச்சையாய்ப் பூத்து,
மாட்டுக்குள் இறங்கி,
மடிவழி வெளியேறும் நஞ்சு.
மூக்குக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரியாது.
காய்ச்சினாலும் போகாது.

முதல் அறை: கோடு அசையவில்லை.
கடைசி அறையும்.
நடு அறைப் பாலை விட்டதும்
உச்சி மெல்லச் சிவப்புப் பக்கம் நகர்ந்தது.
மூன்று நானோமீட்டர்.

"எந்தாயி?" என்றாள் பிரசீதா,
முத்திரையைக் கையில் பிடித்தபடி.

கணவாய்க் காற்று பெட்டியின் மூடியை
இரண்டு தடவை தூக்கிவிட்டிருந்தது.
குளிர்ந்தாலும் கோடு நகரும்.
விளக்கைத் தேடி உள்ளே போன பூச்சி ஒன்று
இன்னும் வெளியே வரவில்லை.
நஞ்சைப் பிடிக்கத் தெரியாத இன்னொரு கண்ணாடி
சாட்சிக்கு வைத்திருந்தேன்.
அதுவும் ஒன்று நகர்ந்திருந்தது.
மூன்றில் ஒன்றைக் கழித்தால் இரண்டு.
இரண்டு என்பது
ஆமாமா, இல்லையா?

நாலாயிரம் லிட்டர்.
விடிந்தால் எத்தனை உருளிகளில் பாயசம்.
எத்தனை தொழுவங்களில் ஒரே ஒரு மூட்டைப் புண்ணாக்கு.

ஆய்வகத்துக்கு அனுப்பணும், காலைவரை நிற்கட்டும் என்றேன்.
பிரசீதா முத்திரையை மேசையில் வைத்தாள்.
திருமலைச்சாமி எதுவும் பேசவில்லை.
இன்ஜினை மட்டும் அணைத்தார்.
ஐஸ் போட்டதல்ல, தாங்காது
என்று டயரிடம் சொன்னார்.

உறுதியாகத் தெரியாது என்றுதான்
படிவத்தில் எழுதினேன்.

எழுதி முடித்து
மிச்ச மாதிரியைப் புளியமரத்தடியில் கொட்டினேன்.
சாவடி நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தது.
யோசிக்கவே இல்லை,
கல்லெடுத்துவிட்டேன்.