துளை எண் ஏழு

சாயப்பட்டறை நின்ற இடத்தில் ஏழாவது துளை.
ஒன்பதரை மணிக்கே
முக்காலி இரும்பில் கை வைக்க முடியவில்லை.
ஜெபசிங் கயிற்றை இழுத்து விடுகிறான்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியல்
விழுகிறது, எழுகிறது, விழுகிறது.
நான் எண்ணுகிறேன்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் செங்கல் உடைசல், கொதிகலன் சாம்பல்,
பாதி கருகிய ஒரு பாபின்.
மூன்றாம் மீட்டரில் களிமண்.
கறுப்பாக வந்திருக்க வேண்டும்.
வந்தது நீலம்:
அடிபட்டு இரண்டு நாள் கழித்துக்
கன்றிப்போகிற நீலம்.
சுத்தியல் நாலே அடியில் அதற்குள் இறங்கிவிட்டது.
அதன் கீழே சிவப்பு,
அதன் கீழே
மஞ்சளைத் தின்று கொண்டிருந்த பச்சை.
ஆறாம் மீட்டரில் ஆற்று மணல்,
வாய் திறக்காத ஒரு மட்டி.
ஒன்பதில் பாறை.

"ஏதோ சேலையைப் பொதச்சு வச்சிருக்கான்வ" என்றான் ஜெபசிங்.

படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு.
பழுப்பு, சாம்பல், கறுப்பு;
ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

போனில் கேட்டார்கள்: தாங்குமா, தாங்காதா?
தாங்கும்.
பாறைவரை தூண் இறக்கினால் பதினாலு மாடி நிற்கும்.
நீலம் நடுவில் சும்மா கிடக்கும்.

விற்பனைக் கூடத்தில் ஏசி உண்டு.
தண்ணீர் குடிக்கப் போனேன்.
கண்ணாடிக்குள் தெர்மகோல் கோபுரங்கள்,
பொரி அளவில் மனிதர்கள், நாய்கள்.
பழைய புகைக்கூண்டை மட்டும் இடிக்கவில்லை,
அடியில் காபிக் கடை வருகிறதாம்.
ஆறு நீல அக்ரிலிக்.
மார்கழி வெள்ளம் சுவரில் போட்ட கோட்டுக்கு
போன வாரம் வெள்ளையடித்தார்கள்.
கோடு திரும்ப வந்துவிட்டது.
இன்று இரண்டாவது கோட்.

ரிஸ்வானா ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்:
கிழக்குப் பார்த்த பால்கனி, காலையில் எழுந்தால் தாமிரபரணி.
அவர் கோமதிநாயகம்.
மில் மூடிப் பதினோரு வருசம் கழித்து வந்த பணம் பாதி,
தோஹாவில் இருக்கிற மகன் அனுப்பியது பாதி.
"பி பிளாக் எங்கன வருது?"
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் துளை ஏழைக் காட்டினேன்.

நடந்து வந்தார்.
தட்டில் நீளமாகக் கிடந்த மண்ணைப் பார்த்து
குனிந்து
சுண்டுவிரல் நகத்தால் நீலத்தைக் கொஞ்சம் கிள்ளினார்.
மோந்து பார்த்தார்.
"நம்ம வாட் தண்ணி."
பிறகு முழங்கையைத் தடவிக்கொண்டு,
"இருவத்திரண்டு வருசம் இதுவரைக்கும் ஏறிக் கிடந்துச்சு.
கல்யாணத்தன்னிக்கு முழுக்கைச் சட்டை போட்டுட்டு நின்னேன்."

சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு வாக்கியம்
மேலும் கீழும் போய்வந்தது.
ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
கேட்டது இதுதான்:
"இதச் சொன்னா வெலையில ஏதும் கொறப்பாவளா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
விரலை வேட்டியில் துடைக்கப் போய்,
நிறுத்தி,
என் கோணிச் சாக்கில் துடைத்தார்.

அவர் டிவிஎஸ் பாலம் ஏறுகிற சத்தம் தேயும்வரை
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மூன்று கட்டங்களையும் சுழிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: நீலம்.
தட்டச்சில் அதைப் பிழையென்று நீக்குவார்கள்.
பையில் போட்டுக் கட்டினேன்,
ஒன்றுக்கு இரண்டாக.

எட்டாவது துளை
ஆற்றுக்கு இன்னும் பன்னிரண்டு அடி பக்கத்தில்.
ஜெபசிங் முக்காலியின் ஒரு காலைத் தூக்கிவிட்டான்,
மற்ற இரண்டுக்கும் என்னைக் கூப்பிடுகிறான்.