பயிற்றுமொழிச் சான்று

கேட்டலுக்கு ஏழு. வாசிப்புக்கு ஏழு.
எழுத்துக்கு ஆறரை.
பேச்சுக்கு ஐந்தரை.
மொத்தத்தில் ஆறரை வந்துவிட்டதென்று
ஐந்து ரோடு மாடியில், பயிற்சி மையத்தில்
என் போட்டோவை பேனருக்குக் கேட்டார்கள்.
நான்தான் அடிக்குறிப்பைக் காட்டினேன்:
எதிலும் ஆறுக்குக் குறையக் கூடாது.

உனக்குக் கிடைத்த ஒரு பரிசைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசு.
திரைக்குள் இருந்த அம்மா நல்ல மாதிரிதான்,
கடைசிவரை சிரித்தபடி இருந்தார்.
காகிதம் சுற்றி எனக்கு யாரும்
எதுவும் தந்ததில்லை.
பொய் சொல்லலாம், மார்க் குறையாது என்று
மையத்தில் சொல்லியிருந்தார்கள்.
கைக்கடிகாரம் என்று தொடங்கினேன்.
மாமா தந்தது என்றேன்.
நாற்பதாவது நொடியில்
கடிகாரம் நின்றுவிட்டது.

சார்னோகைட் பற்றிக் கேட்டிருக்கலாம்.
யார் கேட்கிறார்கள்.

மறுபடி எழுத ஆகும் பணம்
அப்பா டிப்பர் ஓட்டும் ஒரு மாதம்.
வேறு வழியும் உண்டு என்று பதில் வந்தது
இன்னும் பனி விலகாத ஓர் ஊரிலிருந்து:
படித்தது முழுக்க ஆங்கிலத்தில் என்று
கல்லூரி ஒரு கடிதம் தந்தால் போதும்.

முழுக்க.

ஏற்காட்டுச் சாலை, பதிமூன்றாவது கொண்டை ஊசி.
பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி
பாறையைச் சுத்தியலால் தட்டினார் லூர்துராஜ் சார்.
"இது இங்க பொறந்ததில்லப்பா.
இருபது கிலோமீட்டர் ஆழத்துல வெந்தது.
மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போக
மெதுவா எழும்பி வந்து உக்காந்திருக்கு.
தோசை திருப்பினாப்ல இல்ல,
இட்லி உப்பினாப்ல."
சொல்லி முடிக்கும் முன் அவருடைய இட்லியை
குரங்கு எடுத்துக்கொண்டு போயிற்று.
அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார்,
நோட்டில் எழுதிக்கொள்ள.
எழுதிக்கொண்டோம்.

கருப்பூர்ப் பக்கம் கல்லூரி அலுவலகம்.
ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் வெள்ளைக்கல் குவியல்
ஏப்ரல் வெயிலில் கண்ணைக் குத்தியது.
பழைய கடிதம் ஒன்றைத் திறந்து
முன்பு போன பையனின் பேரை அழித்து
என் பேரை அடித்தார் அர்த்தநாரி அண்ணன்.
மா. தமயந்தி.
அதற்குக் கீழே நான் நான்கு இடங்களில்
அவனாகவே இருந்தேன்.
ஆங்கிலம் என்ற ஆங்கிலச் சொல்லில்
ஓர் எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

சொல்லலாமா என்று நின்றேன்.
சொன்னேன்.
"இதே லெட்டர்ல மூணு பேர் போயிட்டாங்க கண்ணு.
ஒருத்தன் அங்க வீடே வாங்கிட்டான்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நீயே அடிச்சிரு. எனக்கு டீ நேரம்."

நாற்காலி சூடாக இருந்தது.
அவனை அவளாக்கினேன், நான்கு முறை.
எழுத்தை அதன் இடத்தில் வைத்தேன்.
எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் மட்டுமே
நடத்தப்பட்டன என்ற வரியில்
விரல் நின்றது.
திரும்பப் படித்தேன்.
பிழை எதுவும் இல்லை அந்த வரியில்.

அச்சிட்ட தாள் மின்விசிறிக்குப் பறந்தது.
டீயோடு வந்தவர் மேசையோரக் கல்லை எடுத்து
அதன்மேல் வைத்தார்.
முதல்வர் வர மூன்று மணி ஆகுமாம்.
"பத்து வருஷமா இங்கயே கெடக்குது," என்றார்,
"என்ன கல்லு கண்ணு இது?"

நீலம் கலந்த கருப்பு. உடைந்த முகத்தில்
எண்ணெய் தடவிய மினுக்கு.
பார்த்ததும் தெரிந்தது.
சொல்லத் தொடங்கினேன்,
இருபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து.
ஃபைலோடு வந்த பியூனும் நின்று கேட்டார்.
டீ ஆடை கட்டியது.
இரண்டு நிமிடம் எப்போது ஆனதென்று
யாரும் பார்க்கவில்லை.
கல்லுக்கு அடியில் கடிதத்தின் ஒரு முனை மட்டும்
படபடத்துக்கொண்டே இருந்தது.