கதவிலக்கம் பதினான்கு

அறுபத்திரண்டு பேர். பூட்டிக் கிடந்த
சோ.அ. வீட்டை வாடகைக்குப் பிடித்து
வளவு முழுக்கப் பாய் விரித்தார்கள்.
புனே, கொச்சி, ஓசூர், எங்கிருந்தோ.
செட்டிநாட்டிலேயே இங்குதான் ஓட்டு குறைவாம்.

ஒரே கதவிலக்கத்தில்
அறுபத்திரண்டு வாக்காளர் அட்டை.
பதினோரு ஓட்டில் பஞ்சாயத்தைப் பிடித்தார்கள்.

முதல் தீர்மானம்: வீட்டுவரி கிடையாது.
நானும்தான் கைதட்டினேன்.
அடுத்தது: டேங்க் ஆபரேட்டர் எதற்கு?
அப்படியாக எனக்கும் விடுதலை,
சம்பளத்திலிருந்து.

பங்குனியில் மோட்டார் காயில் கருகியது.
யார் காசு, யாரைக் கட்டாயப்படுத்துவது என்று
முகப்பில் விடிய விடியப் பேச்சு.

விடிந்ததும்
என் வீட்டுக் கிணற்றடியில்
பிளாஸ்டிக் குடத்தோடு தலைவர் பவித்ரன்:
"குடம் என்ன விலை?"

சொன்னேன்.
வாயில் வந்ததைச் சொன்னேன்.

பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனான்.
அதுதான்
கொஞ்சம் உறுத்துகிறது.