தசைக்கு மேலே, தசைக்குக் கீழே

முதலில் ஓட்டையைப் போட்டதே நாங்கள்தான்.
அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது.
பன்னிரண்டு அவாசிச் செம்மறிகள், கொழுப்பு வால்கள்.
இடப்பக்கம், விலா முடியும் இடத்துக்குக் கீழே
தேநீர்க் குவளையின் வாயளவு தசையை வெட்டியெடுத்து
தோலை மட்டும் தைத்து அனுப்பினோம்.
ஒரே மாதத்தில் குடல் வழி கண்டுபிடித்துவிட்டது.
ஆடு நடந்தால் ஒரு பையும் கூடவே நடந்தது.

பிறகுதான் அடைக்கும் வேலை.
ஆறுக்கு வலை தசைக்கு மேலே,
ஆறுக்குத் தசைக்குக் கீழே, வயிற்றுறையைத் தடவியபடி.
எர்பிலிலிருந்து வந்த மெஷ் எட்டு ஆடுகளோடு தீர்ந்தது.
மீதி நான்குக்கு
மோசுல் சந்தையில் கஜக் கணக்கில் வாங்கிய கொசுவலை.
ஆவியில் வேகவைத்தால் சுருங்கும்.
நீவி, அளந்து, மறுபடி வேகவைத்தோம்.
கட்டுரையில் அதற்கு நீளமான, கௌரவமான ஒரு பெயர்.
பட்டியைப் பார்த்துக்கொள்ளும் தன்னூன் அதைக் 'கட்டில்' என்பார்.
"கட்டில்காரி ரெண்டு பேரும் இன்னிக்குத் தீவனம் தொடலை, டாக்டர்."

மேல்வலை: சீக்கிரம் முடியும்.
ஆனால் நாலு ஆடுகளில் நீர் கோத்தது, ஒன்றில் சீழ்.
கீழ்வலை: நாற்பது நிமிடம் கூடுதல்.
அந்த நாற்பதில் மின்சாரம் இரண்டு முறை போனது.
தன்னூன் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார்.
வெளிச்சம் ஆடவில்லை, அவர் இருமியபோது தவிர.

அறுபதாம் நாள்
பட்டைபட்டையாக வெட்டிக் கவ்வியில் மாட்டி
கிழியும்வரை இழுத்தோம்.
கீழ்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் தசை விரல் கோத்திருந்தது.
சுற்றியிருந்த நல்ல தசை கிழிந்தது, கோத்த இடம் விடவில்லை.
கட்டிலும் தாங்கியது, எர்பிலளவுக்கே.
நாலு ஆட்டை வைத்து அதை உரக்கச் சொல்ல முடியாது.

கடைசி ஆட்டை மேசையிலிருந்து இறக்கினார்.
மயங்கிய ஆடு கனம், செத்தது அதைவிடக் கனம்.
இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி
தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து
இழுப்பறையை மூடுவதுபோல் எதையோ உள்ளே தள்ளினார்.

"எத்தனை நாளா?"
"ஆடுங்க வர்றதுக்கு முன்னாடியே."
பன்னிரண்டையும் ஏற்றி இறக்கியவர் அவர்தான்,
ஒவ்வொன்றையும் மூன்று முறை.

"எனக்குன்னா எதைப் போடுவீங்க?"
"நான் மாட்டு வைத்தியம் படிச்சவ, தன்னூன்."
"ஆடுன்னு வெச்சுக்கங்க."

கீழே, என்றேன். தசைக்குக் கீழே.
"கட்டிலா, எர்பிலா?"

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்று விரலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.
பெரியாஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் பெயரை
மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், படிக்கவில்லை.

அதுவரைக்கும் வைக்கோல் கட்டைத் தூக்காதீங்க.

தலையாட்டினார்.
மறுநாள் காலை, ஒரு ஆடும் இல்லாத பட்டியைக் காலிசெய்ய,
மிச்சமிருந்த கட்டை
முழங்காலால் தள்ளித் தள்ளி
உருட்டிக்கொண்டு போனார்.