இதரச் செலவு

நஞ்சுண்ட செட்டியார் ஐஸ் கம்பெனிப் பேரேட்டில்
அந்த அணிக்குத் தனிப் பக்கம் கிடையாது.
அம்மோனியா, டீசல், மரத்தூள்,
அதற்குக் கீழே என் கையெழுத்தில்
‘இதரச் செலவு: ஹாக்கி மட்டை பதினொன்று.’
பன்னிரண்டாவதுக்குக் காசில்லை.
மாற்று ஆட்டக்காரன்
வெளியே வருகிறவனின் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு
உள்ளே ஓடுவான்.

அது எண்பத்தேழு.
காவேரிப்பட்டணம் ஜூனியர்ஸ் என்று
பனியனில் அச்சடித்தோம்.
ஊர் படித்தது: ஐஸ் பையன்கள்.
சரி, அதுவும் பொய்யில்லை.
அடிபட்ட முட்டிக்கு ஒத்தடம் மட்டும்
எந்த அணியிடமும் இல்லாத அளவு
எங்களிடம் இருந்தது,
மூன்றடிப் பாளமாக.

மைதானம் மாங்காய் மண்டிக்காரருடையது.
வைகாசியிலும் ஆனியிலும் லாரிகள் ஆடும், நாங்கள் நிற்போம்.
ஆடியில் திரும்பிப் போனால்
தரை முழுக்கக் காய்ந்த கொட்டை.
பந்து எது, கொட்டை எது என்று
முனீருக்கு மட்டும் தெரியும்,
மட்டையில் பட்ட சத்தத்தில்.

ஜூனியர் அணிக்கு வரலாறு எழுதச் சொல்கிறீர்கள்.
பத்தொன்பது முடிந்தவன் போய்விட வேண்டும்,
அவ்வளவுதான் வரலாறு.
முனீர் வாணியம்பாடித் தோல் ஷாப்புக்கு,
பெரியண்ணன் பட்டாளத்துக்கு,
வெங்கடேசப்பா கல்யாணத்துக்கு.
அணிக்கு வயசு ஏறலாம்
ஆடுகிறவனுக்கு ஏறக்கூடாது.

திம்மராயனுக்கு ஏறவில்லை.
கோல் கம்பங்களுக்கு நடுவே
பதினெட்டிலேயே மூன்று வருஷம் நின்றான்.
அந்தச் சான்றிதழை வாங்கி வந்தது யார் என்றால்
பேரேட்டைப் பாருங்கள்.
தொண்ணூற்றொன்று, புரட்டாசி,
இதரச் செலவு, ரூபாய் நூற்றைம்பது.
பற்றுச்சீட்டு இல்லை.

தர்மபுரியில் இறுதியாட்டம், சேலத்தோடு.
எழுபது நிமிஷமும் கோல் விழவில்லை.
பெனால்டி ஸ்ட்ரோக்.
நாங்கள் ஒன்று போட்டிருந்தோம்.
நாலைத் தடுத்துவிட்டான் திம்மராயன்.
ஐந்தாவது பந்தை நெற்றியால் தடுத்தான்.
தடுத்ததில் தலைக்கவசம் கழன்று உருண்டது.
உள்ளே
வழுக்கை தொடங்கியிருந்தது.

சேலத்துப் பயிற்சியாளர் கத்தவில்லை.
நடுவரைப் பார்த்துத் தன் தலையைத்
தடவிக் காட்டினார்.

கோப்பை அவர்களோடு போனது. எங்களுக்கு இரண்டு வருஷத் தடை.
தடை விதித்தவர்கள் பையன்களிடம் சொல்லவில்லையோ என்னவோ,
தினமும் ஐந்து மணிக்கு வந்தார்கள்.
யாரோடும் ஆட்டமில்லாத அந்த இரண்டு வருஷத்தில்தான்
மட்டைச் செலவு அதிகம்.
கணக்கு சொல்கிறது, நான் சொல்லவில்லை.

பிறகு செட்டியாருக்கு நெஞ்சுவலி.
ஓசூர் பேரிங் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள்,
பதிவு எண்ணையும் ஒரு வலையையும் விற்றோம்.
பையன்களைக் கேட்கவில்லை அவர்கள்.
அதே பதிவில், வேறு பெயரில்
அந்த அணி இப்போதும் ஆடுகிறது,
பச்சை விரிப்பில், இரவு வெளிச்சத்தில்.
ஜெயித்திருக்கிறது, நிறையவே.
பனியனின் முதுகில் சின்ன எழுத்தில்
‘தொடக்கம் 1987’.
அந்த எண்பத்தேழில் ஓசூர்க்காரன் ஒருத்தனும் இல்லை,
இந்தப் பனியனுக்குள் எங்கள் ஊர்க்காரன்
ஒருத்தனும் இல்லை.
கோபமா என்றால், இல்லை.
விலை பேசி வாங்கின வருஷம் அது,
ரசீது போட்டுக் கொடுத்தவன் நான்.

போன மாசம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக
கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் திம்மராயன்.
முழு வழுக்கை. இடுப்பில் பெல்ட், வலிக்குப் போடுகிற அது.
அந்தச் சான்றிதழைக் காட்டித்தான்
வேலையில் சேர்ந்திருக்கிறான்.
வேறு சான்றிதழ் அவனிடம் ஏது.

ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்றேன்.
‘எனக்கா, உங்க பேரேட்டுக்கா?’ என்றான்.
பஸ் சூளகிரி தாண்டும்வரை
இரண்டு பேரும் சிரித்தோம்.
இறங்கும்போது சில்லறை கேட்டேன்.
இல்லை என்று
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தான்:
பாக்கி 3.